செவ்வாய்க்கிழமை கட்டிய கரண்ட் பில்

எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியில் துணி காய்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அங்கே தொங்குவதெல்லாம் பில்கள். துணிக்குப் போடும் பிளாஸ்டிக் கிளிப்பில் ஒவ்வொன்றாக மாட்டி வைத்திருப்பேன். எது முதலில் கடிக்குமோ அது இடது ஓரம். வாடகை, கரண்ட், தண்ணீர், கணவரின் மோட்டார் சைக்கிள் இன்சூரன்ஸ், கடைசியில் வைஃபை. காசு வர வர இடது பக்கத்திலிருந்து கழற்றுவேன். காசு வராவிட்டால் வரிசையை மாற்றி மாட்டுவேன். அதையும் ஒரு வேலையாகச் செய்துகொண்டிருப்பேன், சும்மா இருக்கவில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ள.

மாதம் பிறந்தால் சம்பளம் என்பது எங்கள் வீட்டில் இருபது வருடமாகக் கிடையாது. கணவர் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ட்ரிப் கணக்கு. ட்ரிப் கிடைத்தால் காசு, கிடைக்காத நாளில் யார்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வர வேண்டியதுதான். எனக்கு வீட்டிலிருந்தே சமையல் ஆர்டர். கல்யாண மாதங்களில் கை ஓயாது, ஆடி பிறந்தால் போன் ஓய்ந்துவிடும். இரண்டு வருமானமும் பேசி வைத்துக்கொண்டதுபோல் சேர்ந்து வரும், சேர்ந்து காணாமல் போகும். பில்லுக்குத்தான் ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு சட்டம் இருந்தது. செவ்வாயும் வெள்ளியும் வீட்டிலிருந்து காசு வெளியே போகக் கூடாது. மற்ற நாட்களிலும் விளக்கு வைத்த பிறகு கூடாது. தமிழ் வீட்டில் பிறந்தவளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் முரட்டுப் பிடியாகப் பிடித்துக்கொண்டது நான்தான். கல்யாணமான புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மளிகைக் கடை பாக்கியைக் கொண்டுபோய்க் கட்டினேன். அடுத்த வாரமே கணவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள்.

"நீ கடைப் பாக்கி கட்டினதுக்கும் கம்பெனி மூடினதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவர் கேட்டார்.

"சம்பந்தம் இருக்கு," என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்றால் மூன்று கால்தான்.

மாதா மாதம் வாடகை வாங்க வரும் சீன ஆன்டிக்குக்கூட என் சட்டம் மனப்பாடம். மாடிப்படியில் என்னைப் பார்த்ததும், "டுடே ஃபிரைடே, கெனாட் ஆ?" என்று அவரே கேட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கீழே இறங்கிப் போய்விடுவார். திங்கட்கிழமை வருவார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கையில் காசே இல்லாத எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் இந்தச் சட்டம்தான் என் மானத்தைக் காப்பாற்றியது. "இல்லை" என்று சொல்லும்போது தலை குனிய வேண்டும். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று தலை நிமிர்ந்து சொல்லலாம்.

அப்படி நிமிர்ந்த தலையில்தான் ஒரு நாள் குட்டு விழுந்தது.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவர் தவறிவிட்டார். பதினாறாம் நாள் புதன்கிழமை. அதுவரை சைவம்தான்; அன்று படையல் போட்டுவிட்டுத்தான் வீட்டார் கவிச்சி சாப்பிடுவார்கள். நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு கேட்டு அந்த வீட்டு மருமகள் போன் செய்தாள். இதற்கு முன் அவர்கள் வீட்டு வளைகாப்புக்கு நான்தான் சமைத்துக் கொடுத்தேன். இறந்துபோன அம்மா அன்று என் ஆட்டுக்கறி பிரட்டலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

"அதையே படையலுக்கு வைக்கணும் ஆன்டி. அதே ருசி. வேற யார்கிட்டயும் கேக்கல," என்றாள்.

கல்யாணச் சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட மறந்துவிடுவார்கள். பதினாறாம் நாள் சாப்பாடு கெட்டால் தலைமுறைக்கும் பேசுவார்கள். தள்ளிப்போடவும் முடியாது. இந்த ஒரு ஆர்டரைச் சரியாக முடித்தால் பிரிக்பீல்ட்ஸில் பத்து வீட்டுக் கதவு எனக்குத் திறக்கும், சொதப்பினால் இருக்கிற கதவும் மூடிக்கொள்ளும். எனக்கு அது நன்றாகத் தெரிந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை பாதிப் பணம் முன்பணமாகத் தருவதாகப் பேச்சு. மதியம் போன் வந்தது.

"ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. வீட்டுல துக்கம் வேற. காசு வெளிய குடுக்க வேணாம்னு பெரியவங்க சொல்றாங்க. திங்கக்கிழமை நீங்களே நேர்ல வந்து வாங்கிக்கிறீங்களா? எல்லாம் துக்கம் கேக்க வந்தவங்க குடுத்த காசு, கையில ரொக்கமா இருக்கு."

"நியாயம்தானேம்மா," என்றேன். இந்தக் காலத்திலும் இப்படி ஒரு பெண்ணா என்று மனதுக்குள் மெச்சிக்கொள்ளவும் செய்தேன். என்ன சொல்ல, என் புத்தியை.

ஏனென்றால் கறிக்கடை முதலாளி, நாங்கள் தவுக்கே என்போம், வெள்ளி, செவ்வாய் பார்ப்பவர் இல்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் காசு கட்டி எடுக்காவிட்டால் கறியை வேறு ஆளுக்குத் தள்ளிவிடுவார். அப்போது ஜன்னலில் இடது ஓரம் தொங்கியது கரண்ட் பில். இரண்டு மாதப் பாக்கி. சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் வந்து, அதில் போட்டிருந்த தேதியும் தாண்டிவிட்டது. அந்தப் பில்லுக்காகவே கணவரின் ட்ரிப் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு கவரில் வைத்திருந்தேன். சனிக்கிழமை காலை அந்தக் கவரை எடுத்துக்கொண்டு போய் இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கறி, பத்துக் கிலோ கோழி வாங்கி வந்து ப்ரீசரில் அடுக்கினேன். திங்கட்கிழமை காசு வந்துவிடும், வந்ததும் கட்டிவிடலாம் என்று கணக்கு.

எங்கள் ப்ரீசரைப் பற்றி ஒரு வார்த்தை. பழசாக வாங்கியது. மூடியின் ரப்பர் ஒரு பக்கம் கிழிந்து தொங்கும். அரிசி மூட்டையைத் தூக்கி மேலே வைத்தால்தான் மூடியே உட்காரும். கரண்ட் இருக்கிறவரை நன்றாக வேலை செய்யும். கரண்ட் போனால் இரண்டு மணி நேரத்தில் தரையெல்லாம் தண்ணீர்.

திங்கட்கிழமை மதியம் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். மருமகள் பணத்தைக் கவரில் போட்டு இரண்டு கையாலும் கொடுத்தாள். டீ குடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றாள். குடித்துவிட்டுக் கிளம்பினால் வழியில் ரயில் நின்றது. நிற்கிறது, நிற்கிறது, நின்றுகொண்டே இருக்கிறது. கிள்ளானில் இறங்கி வீடு வந்து சேரும்போது ஏழரை மணி. கணவர் குளித்து, சாமி மேடையில் விளக்கு ஏற்றி வைத்துவிட்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் பொறுத்து ஏத்தியிருந்தா என்ன?" என்று நான் கத்தினேன். "வர்ற வழியில கீழ கடையிலயே பில்லக் கட்டியிருப்பேன்ல!"

"விளக்குக்கு நேரம் காலம் இருக்குன்னு நீதானே சொல்லுவ? இப்ப போய்க் கட்டிட்டு வா. யாரு வேணாங்கிறா?"

"விளக்கு வச்சாச்சு."

"நாளைக்கு?"

"நாளைக்குச் செவ்வாய்."

அவர் டிவியைப் பார்த்தார். இனிமேல் புதன்கிழமை காலை எட்டு மணிக்குத்தான் என்று நான் முடிவு செய்து, கவரைச் சாமி மேடையில் வைத்தேன். இத்தனை நாள் பொறுத்தவர்கள் ஒரு நாள் பொறுக்க மாட்டார்களா என்ன.

பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கரண்ட் வெட்டுகிற ஆள் வந்து கதவைத் தட்டினார். ஐம்பது வயது இருக்கும். தமிழர். கையில் ஒரு தாள், தோளில் கருவிப் பை.

"அக்கா, உங்க மீட்டர் லிஸ்ட்ல இருக்கு. கட்டிட்டீங்களா?"

"காசு ரெடியா இருக்கு அண்ணே. நாளைக்குக் காலையில முதல் வேலையா கட்டிருவேன்."

"ரெடியா இருந்தா இன்னைக்கே கட்டிருங்க லா. கீழ மினி மார்க்கெட்டுலயே வாங்கிக்கிறான். எனக்கு அடுத்த பிளாக்குல ரெண்டு வீடு இருக்கு. முடிச்சிட்டு பதினொரு மணிக்கு வரேன். ரிசிட்டைக் காட்டுங்க, நான் பேசாம போயிடறேன்."

இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? ஆனால் என் வாய் தானாகவே சொன்னது: "இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை அண்ணே."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்க வீட்டுலயும் செவ்வா வெள்ளி பாக்குறவங்கதான் அக்கா. ஆனா ஆபீஸ்ல பாக்க மாட்டாங்க. பதினோரு மணி. சரியா?"

அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை கவரைக் கையில் எடுத்தேன். மூன்று முறையும் சாமி மேடையிலேயே திரும்ப வைத்தேன். அந்த மனிதர் முகத்தைப் பார்த்தால் இரக்கப்பட்டவர் மாதிரி இருந்தது, திரும்பி வர மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வெங்காயம் உரித்தேன். அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். ரிசிட் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மீட்டர் பெட்டியைத் திறந்தார். மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. அதன் பிறகுதான் ப்ரீசரின் உறுமல் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

வீராப்பெல்லாம் அங்கேயே இறங்கிவிட்டது. கிள்ளான் வெயில், மூடாத மூடி, உள்ளே முப்பத்தைந்து கிலோ கறி. அதுவும் யாருடைய கறி? இறந்துபோன ஒரு அம்மாவுக்குப் படைக்கப்போகிற கறி. கணவருக்குப் போன் செய்தேன். யார்டில் ட்ரிப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"வெட்டிட்டான்," என்றேன்.

"நீ கட்டலையா?"

"காசு சாமி மேடையிலதான் இருக்கு," என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ப்ரீசரைத் திறக்காத. மீன் படகு வந்து நிக்கிற ஜெட்டியில ஐஸ் விப்பாங்க. நான் வரேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் மீன்காரர்களிடம் இரவல் வாங்கிய ஐஸ் வைக்கும் இரண்டு வெள்ளை போம் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ப்ரீசருக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிய ஆரம்பித்து, அடுப்பு வரைக்கும் வந்திருந்தது. நான் கந்தலைப் போட்டுத் துடைத்துப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"ஐஸுக்குக் காசு குடு. என்கிட்ட பெட்ரோலுக்குத்தான் இருக்கு," என்று வாசலில் நின்றபடியே சொன்னார்.

ஓடிப்போய்க் கவரைத் திறந்து ஐம்பது ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. இரண்டு கையையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார்.

"என்ன, வாங்குங்க! நேரமாகுது!"

"இன்னைக்கு என்ன கிழமை?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வேளை கெட்ட வேளையில விளையாடாதீங்க! அங்க கறி கரையுது!"

"விளையாடலம்மா. தெரியாமத்தான் கேக்குறேன். கரண்டுக்குக் குடுத்தா லெட்சுமி கோவிச்சுக்கிட்டுப் போயிடுவா. ஐஸ்காரனுக்குக் குடுத்தா போக மாட்டாளா?"

நோட்டு என் கையிலேயே இருந்தது. நான் கொஞ்சம் அழுதேன். இருபது வருடம் அந்த மனிதர் வெயிலில் லோரி ஓட்டிக் கொண்டுவந்த காசு. அது வீட்டில் தங்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தானே இத்தனையும் செய்தேன். கடைசியில் கரண்டுக்குக் கொடுக்காத காசு ஐஸுக்குப் போகிறது. பில்லும் அப்படியே பாக்கி. மறுபடியும் கரண்ட் கொடுக்க அவர்கள் கேட்கும் கட்டணம் வேறு.

முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "ஐஸும் வாங்குங்க, பில்லும் கட்டுறேன்," என்றேன். "இன்னைக்கே. இப்பவே. வர்றது வரட்டும்."

அவர் நோட்டை வாங்கிக்கொண்டு சிரிக்காமல் கீழே இறங்கினார். சிரித்திருந்தால் அந்த ஈரக் கந்தலை எடுத்துத் தலையில் போட்டிருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

இடது ஓரக் கிளிப்பைக் கழற்றி, பில்லையும் கவரையும் எடுத்துக்கொண்டு மினி மார்க்கெட்டுக்குப் போனேன். கவுண்டரில் காசை வைக்கும்போது பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். அடுத்து அவர் ஜொகூர் பக்கம் ட்ரிப் போனால் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்றெல்லாம் மனம் எங்கெங்கோ ஓடியது. கவுண்டர் பெண் பில்லை மெஷினில் பீப் என்று காட்டிவிட்டு ரிசிட்டைக் கிழித்துக் கொடுத்தாள். வானம் இடிந்து விழவில்லை. கொஞ்சம் தூறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எனக்கு அழ நேரமில்லை. கரண்ட் ஆபீசுக்குப் போன் போட்டேன். அவர்கள் கேட்ட கட்டணத்தையும் கட்டினேன். இன்றைக்கே ஆள் அனுப்ப வேண்டும் என்று நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை எடுத்த பெண் என் குரலைக் கேட்டதுமே விலாசத்தை அவளே சொன்னாள். ஐஸ் வந்ததும் கறியை ஒவ்வொரு பையாகத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து அடுக்கினேன். அடியில் இருந்ததெல்லாம் கல் மாதிரி இருந்தது. மேலே இருந்த ஆறு கிலோ மட்டும் இளகியிருந்தது. சில்லென்றுதான் இருந்தது, ஆனாலும் அதைப் படையலுக்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே வறுத்து எங்கள் மாடியில் இருந்த வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, என் கைக்காசைப் போட்டு வேறு கறி எடுத்தேன். அதுவும் செவ்வாய்க்கிழமைதான். தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன.

ஐந்தரைக்கு அதே ஆள் படியேறி வந்தார்.

"கட்டிட்டீங்களா அக்கா? செவ்வாய்க்கிழமை ஆச்சே?"

"பேசாம மாட்டுங்க அண்ணே," என்றேன். வறுத்த கறியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் பையில் வைத்தார். ப்ரீசர் மறுபடி உறும ஆரம்பித்தது. அதுவரை அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டே இருந்தவள் நான்.

புதன்கிழமை விடியலில் அடுப்பைப் பற்றவைத்தேன். கணவர் அன்று ட்ரிப்புக்குப் போகவில்லை, தேங்காய் துருவினார். மசாலா அரைத்து, கறியை வேகவிட்டு, எண்ணெய் பிரிய பிரட்டி, நண்பர் ஒருவரின் வேனில் ஏற்றி நாலு மணிக்கெல்லாம் பிரிக்பீல்ட்ஸில் இறக்கினோம். படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறினார்கள். இறந்துபோன அம்மாவின் கணவர் ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டு, "அவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டது இதுதான்," என்று யாரிடமோ சொன்னார். நான் சமையலறைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். நேற்று மதியம் தரையில் ஓடிய தண்ணீர் எனக்குத்தானே தெரியும்.

பாத்திரங்களைக் கழுவி எடுத்து வைக்கும்போது ஏழேகால். மருமகள் பக்கத்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆன்டி. எல்லாரும் உங்க நம்பர் கேக்குறாங்க. மீதிக் காசு மட்டும்... விளக்கு வச்சாச்சு பாருங்க. நாளைக்கு அனுப்பிடட்டுமா? நாளைக்கு முடியலன்னா, நாளன்னைக்கு வெள்ளி வேற வருது. சனிக்கிழமைன்னா..."

போன வாரம் என்றால் நியாயம்தானேம்மா என்று சொல்லிவிட்டு வேனில் ஏறியிருப்பேன். அன்று அவள் பேசப் பேச எனக்குக் கேட்டது என் குரல்தான். சீன ஆன்டியை மாடிப்படியிலிருந்தே எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாவுக்கும் வீட்டு ஜன்னலில் இடது ஓரம் ஏதாவது தொங்கியிருக்குமோ என்னவோ. நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அங்கே இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இன்னைக்கே குடுத்திரும்மா," என்றேன். "விளக்கு எரியட்டும், அது பாட்டுக்கு எரியும். நானும் இதெல்லாம் பாக்குறவதான். உன்னைவிட அதிகமா பாத்தவ. நேத்து என் வீட்டுல கரண்டை வெட்டிட்டாங்க. உன் அத்தைக்கு வச்ச கறி தண்ணியாப் போயிருக்கும்."

அவள் முகம் மாறியது. படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்தாள். என் போனில் காசு வந்து விழுந்த சத்தம் கேட்டது.

"வந்துச்சா ஆன்டி?"

"வந்துருச்சு. நல்லா இரும்மா."

வேன் கிள்ளானுக்குள் நுழையும்போது போனிலேயே தண்ணீர் பில்லைக் கட்டினேன். வாடகையைச் சீன ஆன்டிக்கு அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். "ஹலோ, நைட் ஆல்ரெடி. வை யூ பே? எனிதிங் ஹேப்பன்?" ஒன்றும் ஆகவில்லை, இனிமேல் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் வாங்க என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பக்கத்தில் கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் சமையலறைக்குப் போய் இரண்டு கிளிப்பைக் கழற்றினேன். கிளம்பும்போது எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து விளக்கு வைக்கச் சொல்லியிருந்தேன். சாமி மேடையை எட்டிப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.